ஐந்து ஏக்கர் தோட்டமும் ஓர் இன்டர்வியூவும்

விளம்பரம் செய்தித்தாளின் மூலையில் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்க்க டாக்டர் ஒருவர் தேவை, சான்றிதழ்களுடன் நேரில் வரவும் என்று போட்டிருந்தார்கள். கோயம்புத்தூர் சத்தி ரோட்டில், சரவணம்பட்டியைத் தாண்டி, ஒரு மில் முதலாளி தன் தாயார் நினைவாகக் கட்டியிருந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கம் முழுக்கச் சோளக்காடும் லேத் பட்டறைகளும்தான். இடத்தைப் பார்த்து வரலாம் என்று போனபோது பஸ் கண்டக்டரே, "அங்கெல்லாம் ஆருங்க வைத்தியத்துக்கு எறங்கறாங்க?" என்று சிரித்தார்.

நான் இறங்குவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வேலை எனக்காகவே காத்திருப்பதாகத் தோன்றியது. காங்கேயம் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் சில வருடங்கள் நான் செய்ததே அதுதான். அங்கே குழந்தைக்குத் தனி டாக்டர், பெரியவருக்குத் தனி டாக்டர் என்றெல்லாம் கிடையாது. தனக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வருவாள், அவள் இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று இன்னொருத்தி வருவாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லாமல் அவள் கண் வெளுத்திருக்கும். ஒரே பெஞ்சில் இரண்டு பேரையும் பார்த்து அனுப்புவேன். அந்தக் கிளினிக்கை நடத்திவந்த பெரியவர் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்விட்டதால் அதை மூடிவிட்டார்கள்.

வேலை எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. நான் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்கள் ஊரில் அம்மா அப்போதும் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படித்த மகள் இருந்தும் களை எடுக்கிறாளே என்று ஊர் கேலி பேசியது. "உனக்கு டவுன்ல ஒரு நெலையான வேலை கெடைக்கட்டும் கண்ணு, அன்னைக்கே களைக்கொத்தத் தூக்கி வீசிப்போட்டு வந்தர்றேன்," என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் களைக்கொத்தை வீச வைப்பதுதான் என் லட்சியம். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நான் அப்போது கோயம்புத்தூரில் என்னோடு படித்த தோழி ஒருத்தியின் வாடகை அறையில் தங்கியிருந்தேன். அவள் நிலபுலன் உள்ள பெரிய தோட்டக்காரர் வீட்டுப் பெண். அந்த அறையைப் பிடித்தது அவள்தான், நான் கேட்டபோது வீட்டுக்காரர்கள் யாரும் கொடுக்கவில்லை. என்னை இன்டர்வியூவுக்குத் தயார் செய்யும் பொறுப்பை அவளாகவே எடுத்துக்கொண்டாள். சாயங்காலமானால் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, மில் முதலாளி ஆகிவிடுவாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, ரெண்டு வயசுக் கொழந்தைங்க. காச்சல்ல வலிப்பு வந்துருச்சு. என்ன பண்ணுவீங்க?"

ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், வாயில் எதையும் திணிக்க விடமாட்டேன், எடைக்குத் தகுந்த மருந்து இவ்வளவு என்று ஒப்பித்தேன்.

"அறுவது வயசுப் பெரியவரு. நெஞ்சுல கல்லு வெச்சாப்பல இருக்குதுங்கறாரு. வாயுன்னு சோடாவக் குடிச்சுப்போட்டு வந்திருக்காரு."

"முதல்ல ஈ.சி.ஜி. சோடாவுக்குத் திட்டறது அப்புறம்."

"சபாசுங்க," என்றாள். பிறகு அதே வேகத்தில், அதே குரலில், "சரிங்க, நமக்கு எந்த ஊருங்க?" என்றாள்.

கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கொங்கு நாட்டுக்காரர்கள் மரியாதையில் கெட்டிக்காரர்கள். ஒருவரைப் பார்த்து நீங்கள் என்ன ஜாதி என்று கேட்பது அங்கே அநாகரிகம், யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பதில் எந்த ஊருங்க என்பார்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கமுங்க என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் அங்கே ஆரு வீட்டுப் பெண்ணுங்க என்பார்கள். மூன்று கேள்விக்குள் ஆள் யார், எதுவரை உள்ளே விடலாம் என்பது தெரிந்துவிடும். இத்தனைக்கும் ஒரு இடத்தில்கூட 'ங்க' விட்டுப்போகாது. வாடகைக்கு வீடு தேடி நான் ஏறி இறங்கிய அத்தனை வாசலிலும் இந்த மூன்று கேள்விதான். கடைசியில், "இப்பத்தானுங்க ஒருத்தருக்கு அட்வான்ஸ் வாங்கிப்போட்டோம், மனசுல வெச்சுக்காதீங்க," என்று கும்பிட்டு அனுப்பிவைப்பார்கள்.

"நான் கேக்கலைடி. ஆனா அவங்க கண்டிப்பாக் கேப்பாங்க," என்றாள் தோழி. "எங்கப்பாவா இருந்தாலும் கேப்பாரு. அதுக்கும் ஒரு பதில் தயார் பண்ணிக்கோ."

அப்படி ஆரம்பித்ததுதான் அந்தத் தோட்டம். ஊரைக் கேட்டால் வெள்ளகோவில் என்று டவுன் பெயரோடு நிறுத்திக்கொள்வது, குடும்பத்தைக் கேட்டால் விவசாயம் என்று சொல்வது என்று முடிவு செய்தோம். விவசாயம் என்பது பொய்யில்லை. விதை போட்டதும் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் எங்கள் ஆட்கள்தான், மண் மட்டும்தான் அடுத்தவருடையது. ஆனால் முதலாளி வேஷத்தில் இருந்த தோழி அதோடு விடவில்லை. விவசாயம் என்றால் எத்தனை ஏக்கர் என்று கேட்டாள். ஐந்து என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கிணற்றுப் பாசனமா, வாய்க்கால் பாசனமா என்றாள். கிணறு என்றேன். மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்றாள். எனக்கு எங்கே தெரியும்? அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தென்னை எத்தனை, எருமை எத்தனை, பங்காளிகள் யார் யார் என்று தினம் ஒன்று சேர்ந்தது. "எந்தக் கூட்டமுங்க?" என்று குலம் கேட்கும் கேள்விக்கு மட்டும் இரண்டு பேருக்கும் பதில் வரவில்லை. மற்றபடி ஒரு வாரத்தில் நான் செழிப்பான தோட்டக்காரி ஆகிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துவிட்டுப் படுத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அம்மா வந்துவிட்டாள். ஒரு மஞ்சள் பையில் நிலக்கடலை கொண்டுவந்திருந்தாள். நாங்கள் ஒத்திகை பார்க்க, அவள் சுவரோரம் உட்கார்ந்து கடலை உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மோட்டார், தென்னை, எருமை எல்லாவற்றையும் தடுமாறாமல் ஒப்பித்து முடித்ததும் அம்மா தோழியைப் பார்த்துக் கேட்டாள். தோழிக்கு என் வயதுதான், ஆனாலும் தோட்டக்காரர் வீட்டுப் பெண் என்பதால் அம்மா அவளிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள்.

"ஏனுங்க அம்மணி, அந்தத் தோட்டத்துல நானு என்னங்க பண்றேன்?"

"நீங்கதானுங்கம்மா தோட்டத்துக்காரம்மா!"

அம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்படீங்களா. அப்பக் களை எடுக்கறது ஆருங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத் திடீரென்று அப்படி ஒரு கோபம் வந்தது. அம்மா மேலும் இல்லை, தோழி மேலும் இல்லை. வெயிலில் குனிந்து குனிந்து என்னைப் படிக்க வைத்த ஒருத்தியை, நான் உட்கார ஒரு நாற்காலி கிடைக்க வேண்டும் என்பதற்காக, அவள் உழைத்த மண்ணிலிருந்தே துடைத்துவிடப் பார்த்தேனே என்று வந்த கோபம். இல்லாத தோட்டத்துக்கு ராத்திரியெல்லாம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன், நாளைக்குக் கேட்கப்போகிற மருந்தளவைப் படிக்காமல்!

"தோட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கேட்டா இருக்கறதைச் சொல்றேன்," என்றேன்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏங்கண்ணு, நான் சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேன். அஞ்சு ஏக்கரு என்ன, பத்து ஏக்கருன்னே சொல்லிப்போடு. வாயில சொல்ற நெலத்துக்குக் கந்தாய வரியா கட்டப்போறோம்? மொதல்ல வேலை கெடைக்கட்டும்."

"மாட்டேன்."

"பிடிச்ச முயலுக்கு மூணு காலும்பா இவ," என்று தோழியிடம் முறையிட்டாள். தோழி எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு நல்ல காட்டன் புடவையை எடுத்து என் மடியில் போட்டாள். "எதைச் சொன்னாலும் நிமிர்ந்து உக்காந்து சொல்லு," என்றாள்.

மறுநாள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். ஆஸ்பத்திரி இன்னும் சுண்ணாம்பு வாசனை போகாமல் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முதலாளி, வெள்ளை வேட்டி சட்டையும் சந்தனப்பொட்டுமாக. இன்னொருவர் அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வுபெற்ற மூத்த டாக்டர். கேள்விகளை அவர்தான் கேட்டார். வலிப்பு வந்தது, நெஞ்சுவலி வந்தது, தோழி கேட்டவை பாதி அப்படியே வந்தன. அவர் இங்கிலீஷில் கேட்டார். தமிழ் மீடியத்தில் படித்த என் இங்கிலீஷுக்கு அலங்காரம் கிடையாது, ஆனால் விஷயம் இருந்தது. ஒரு கேள்விக்கு நான் பதில் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குட்," என்றார். எனக்குக் காலுக்குக் கீழே தரை கெட்டிப்பட்டது மாதிரி இருந்தது.

முதலாளி இடையிடையே இருமிக்கொண்டிருந்தார். ஆழத்திலிருந்து வந்த இருமல். இருமிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நெம்ப சந்தோசமுங்க. எங்க டாக்டரு குட்டுன்னு அத்தனை லேசுல சொல்லமாட்டாருங்க. அப்புறம், நமக்கு எந்த ஊருங்க?"

வந்துவிட்டது. "வெள்ளகோயிலுக்குத் தெக்கங்க," என்று ஊர் பெயரையும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அட! அது நம்ம ஒறம்பரைக ஊருங்களே. என்ற பெரியப்பா மகன் தோட்டம் அங்கதான் இருக்குது, ஊருக்கு மேக்கால. தெரியுமுங்களா?"

"நல்லாத் தெரியுங்க. அவரு காட்டுலதான் எங்கம்மா களை எடுக்கறாங்க. பள்ளத்துக்கு அந்தாண்ட காலனிலதானுங்க எங்க வீடு."

நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். முதலாளியின் சிரிப்பு போகவில்லை, வழி தெரியாமல் உதட்டிலேயே நின்றது. மூத்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க," என்றார் முதலாளி. அதுவரை போட்டதைவிட அதிகமாகவே 'ங்க' போட்டார். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. ஆனா இங்க வாற சனம் பழைய காலத்து ஆளுகங்க. இதுவோ ஒடம்பைத் தொட்டுப் பாக்கற வேலைங்க. பெரியவங்கன்னா ஆயிரம் கேப்பாங்க, உங்களுக்கும் சங்கடமுங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. கொழந்தைகள மட்டும் பாத்துக்கங்க. கொழந்தைகளுக்கு என்னங்க தெரியும்? பெரியவங்களப் பாக்க வேற ஒருத்தரப் போட்டுக்கறோம். சம்பளத்துல ஒரு கொறையும் வராதுங்க."

உண்மையைச் சொன்னால், ஒரு கணம் ஆடித்தான் போனேன். பாதி வேலை, முழுச் சம்பளம். அன்றைக்கே அம்மாவின் களைக்கொத்தை வீசிவிடலாம். சரி என்ற ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிவருகிறவளுக்கு மூச்சு இரைத்தால் நான் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது? பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் வேறு அறைக்குப் போக வேண்டுமா?

"ரெண்டு பேரையும் பாக்கத்தானுங்க விளம்பரம் போட்டிருந்தீங்க. நான் ரெண்டு பேருக்கும்தான் படிச்சிருக்கேன்," என்றேன். "இன்னைக்கு நாலு வயசுல எங்கிட்ட வர்ற கொழந்தை நாளைக்குப் பெரிய ஆளாகுமுங்க. மீசை முளைக்கற அன்னைக்கு அதை நான் தொடாம நிறுத்திக்கணுமுங்களா?"

அவர் மறுபடி இருமினார். அந்த இருமல்தான் எனக்கு அடுத்த வார்த்தையைக் கொடுத்தது. மேஜைக்கு மேலே என் கையை நீட்டினேன்.

"நானு வந்ததுல இருந்து இருமறீங்க. கையக் குடுங்க, நாடி பாக்கறேன். உங்களுக்குச் சங்கடமில்லீன்னா வாற சனத்துக்கும் இருக்காதுங்க."

அவருடைய வலது கை மேஜை மேல்தான் இருந்தது. என் விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மூத்த டாக்டரைப் பார்த்தார். மூத்த டாக்டர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் அவ்வளவு அழுக்கு இருந்திருக்க நியாயமில்லை. முதலாளியின் கை மெதுவாக மேஜையை விட்டு இறங்கி மடிக்குப் போனது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. வெறும் பஞ்சுத் தூசிங்க," என்றார்.

"அப்ப நான் வாரேனுங்க," என்று எழுந்தேன். சான்றிதழ்களை அடுக்கி எடுத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை என்பதை அவர்கள் பார்க்கட்டும் என்றிருந்தது. பஸ் ஸ்டாப் வரை நிமிர்ந்துதான் நடந்தேன்.

அறையில் அம்மா கதவோரமே காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியிருக்கும். இருந்தாலும், "கெடைச்சுதா கண்ணு?" என்று கேட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மேற்குத் தோட்டத்துக்காரர் முதலாளிக்கு உறவு என்ற இடம் வந்ததும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இது அவரு காதுக்குப் போயிருமே! நாளைக்கு வெடியால எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்தக் காட்டுல காலு வெப்பேன்? வாயைக் கட்டிட்டு இருந்திருக்கலாமல்ல? கொழந்தைகளைப் பாத்தாப் போதும்னுதானே சொல்லியிருக்காரு? சம்பளம் வந்திருக்குமே!"

திட்டித் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. கூலியை நிறுத்துவது என்றால் அவர்களுக்கு ஒரு தலையசைப்பு போதும். புடவையை மாற்றிக்கொண்டு வந்தபோது அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கைய நீட்டினயல்ல? குடுத்தாரா, குடுக்கலயா?"

"குடுக்கலம்மா. மடிக்குள்ள வெச்சுக்கிட்டாரு."

"சீக்காளி மனுசன். இருமிட்டு இருக்கறாரு. அப்பக்கூடக் குடுக்கல?"

"இல்லம்மா."

"நாம வெதைச்ச சோளத்தைத் திங்கறதுக்குச் சங்கடமில்லையாமா?" என்றாள். அப்புறம் மிச்சக் கடலையைப் பையோடு இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தாள். "இந்த மில்லுக்காரன் ஒறம்பரைதானே அவனும். அவன் காட்டுக் களைய இனி அவனே புடுங்கிக்கட்டும்."

தோட்டக்காரர் வீட்டுச் சின்னப் பையன்களையே 'சாமி' என்று கூப்பிட்டுப் பழகியவள் அவள். ஒரு பண்ணையக்காரரை அவள் 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கடலையில்தான் கண்ணாக இருந்தாள். மறுநாள் காலை ஊருக்குப் பஸ் ஏறவும் இல்லை.

அந்த மாதமே சொந்தமாகக் கிளினிக் போடுவது என்று முடிவெடுத்தேன். சரவணம்பட்டியில்தான் போடுவேன், அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தோழி பெஞ்சு வாங்கித் தருவதாகச் சொன்னாள். போர்டில் என் பெயருக்குக் கீழே குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டும் என்று பெயின்டரிடம் சொல்லியாகிவிட்டது. அறைதான் பாக்கி.

மெயின் ரோட்டில் மரக்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். வெளிச்சமும் தண்ணீரும் நன்றாக இருந்தன. கட்டடக்காரர் மரியாதையான மனிதர். எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லதுங்க டாக்டரம்மா. நமக்கு எந்த ஊருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டுக்கே கேட்கும்படி, அவர் கேட்காத இரண்டு கேள்விக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"வெள்ளகோயிலுக்குத் தெக்கங்க. பள்ளத்துக்கு அந்தாண்ட காலனிங்க. நானு களை எடுத்த கூலிக்காரிங்க, இவ எம்பொண்ணு டாக்டருங்க. உங்களையும் பாப்பா, உங்க பேரப்புள்ளையவும் பாப்பா. ரூமு குடுக்கறீங்களா, வேற பக்கம் பாத்துக்கட்டுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார். அப்புறம் வாடகையைச் சொன்னார்.